சைக்கிளில் வேளாங்கண்ணிக்கு: சிதம்பரத்தில் கிளம்பும் கடைசி நாளுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், காவி உடுத்திய ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று நடக்கிறவர்கள். இவர்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு சைக்கிள் குழுக்களும் போகும். பங்குக் கோயில் இளைஞர்கள், அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்தார் சேர்ந்த செபக்குழு) அண்ணன்மார், கடையைப் பூட்டிவிட்டு வரும் மெக்கானிக், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று எல்லாரும் கலந்த கூட்டம். கும்பிடுகிற கோயில் வேறாக இருந்தாலும் நண்பர்களுக்காகக் கூட வருகிற என்னைப் போன்றவர்களும் அதில் உண்டு.

இப்படிப்பட்ட குழுவில் முதல் தடவை சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து மொத்தத் தூரம் 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. மூன்று நான்கு நாளாகப் பிரித்து ஓட்டுவார்கள். எல்லா நாளையும் எழுதினால் நீண்டுவிடும் என்பதால் கடைசி நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: விடியுமுன் சிதம்பரத்தில் கிளம்பி, சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக மாலையில் வேளாங்கண்ணி. சுமார் 90 கி.மீ. மற்ற நாட்களையும் இதே முறையில்தான் ஓட்டப் போகிறீர்கள்.

90 கி.மீ. என்றதும் மலைக்க வேண்டாம். முழுக்க சமவெளி, மேடு என்று சொன்னால் ஆற்றுப் பாலங்கள்தான். சாதாரண சைக்கிளில் மணிக்கு 12, 13 கி.மீ. போனால் போதும். குழு செபத்துக்காக நிற்கும் நேரங்கள்தான் உங்கள் ஓய்வு நேரங்கள். விடியற்காலை ஒன்று, நண்பகல் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் செபமாலை. அந்த அட்டவணையோடு ஒட்டிப் போகிற புது ஆள் சிரமமில்லாமல் சேர்ந்துவிடுவார். அதை மீறி முன்னால் பறக்கிற பையன்தான் மத்தியானம் காரைக்காலில், குழுவோடு சாமான் ஏற்றி வரும் குட்டியானை வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பான்.

முந்தின இரவு: சைக்கிளையும் சாமானையும் பார்ப்பது

புது சைக்கிள் வாங்கித்தான் வர வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கியர் சைக்கிளும் வரும், அப்பா காலத்து அட்லஸும் வரும். உங்களுக்குப் பழகிய சைக்கிளாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சீட் உயரத்தை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ வைத்து ஓட்டுவார்கள். தெருவுக்குள் பால் வாங்கப் போக அது போதும். 90 கி.மீ.க்கு முட்டி செத்துவிடும்.

டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத்தான் அமுங்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் விட்டு, வழிவதைப் பழந்துணியால் துடையுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா என்று குழுவின் மெக்கானிக் அண்ணனிடம் இரவே காட்டிவிடுங்கள். காலையில் காட்டினால் திட்டுவார், நியாயமாகவே திட்டுவார்.

பையில் ஒரு உபரி டியூப், பஞ்சர் ஒட்டும் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், சின்ன பம்பு. பழைய வகை வால்வு என்றால் இரண்டு மூன்று அங்குலம் வால்டியூபும் வேண்டும். ஒரு ரூபாய் ரப்பர்தான், ஆனால் அது வெயிலில் இற்றுப்போனால் எவ்வளவு காற்றடித்தாலும் நிற்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அது இல்லாமல் நிற்பது பெரிய தொல்லை. முன்னால் ஒரு விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பின் மட்கார்டிலும் ஹெல்மெட்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர். இருட்டில் கிளம்பப் போகிறோம், இவற்றில் பேரம் கிடையாது.

உடை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவதிப்படுவது இதில்தான். நேர்ச்சைக்காகக் காவி உடுத்துகிறவர்கள் வேட்டியோடு ஓட்டப் பார்ப்பார்கள். செயினில் மாட்டினால் வேட்டியும் போகும், ஆளும் விழுவார். காவி டி-சர்ட், அரைக்கால் சட்டை, தோளில் ஒரு காவித் துண்டு, இது போதும் என்று பங்குத்தந்தையே சொல்லிவிடுவார். பெண்கள் சுடிதார் துப்பட்டாவை முதல் நாளே பெட்டியில் போட்டுவிடுவது நல்லது, காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சுற்றும். உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் நிக்கர் கிடைத்தால் வாங்குங்கள். அதற்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. தையல் உரசித்தான் தொடையிடுக்கில் புண் வரும். நிக்கர் இல்லாவிட்டால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். இதைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, முதல் நாள் இரவுக்குள் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சிலர் செருப்பில்லாமல் வருவதாக நேர்ந்துகொண்டிருப்பார்கள். நடக்கிறவர்களுக்கு அது பழக்கம். சைக்கிளில் அப்படி வருவதென்றால் பெடல் ரப்பராக இருக்க வேண்டும். பல் வைத்த இரும்புப் பெடல் உள்ளங்காலைக் கிழித்துவிடும். ரப்பர் பெடலாக இருந்தாலும் நிற்கும் இடங்களில் தார் சுடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு மணி: எழுந்ததும்

சிதம்பரத்தில் தங்குவது பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட வராண்டாவிலோதான். நான்கு மணிக்கு யாராவது விசில் ஊதுவார்கள். கழிப்பறை குறைவு, ஆட்கள் அதிகம். பத்து நிமிஷம் முன்னாலேயே எழுந்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். இதைவிடப் பயனுள்ள ஆலோசனை இந்தக் கட்டுரையில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம். கருப்பு டீ கொடுப்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், முதல் இருபது கி.மீ. போனபின் சாப்பாடு வரும்.

நான்கரைக்குச் செபம். குட்டியானையின் பின்கதவைத் திறந்தால் உள்ளே பூ வைத்த மாதா சுரூபம், அதற்குப் பக்கத்தில் அண்டா, பாய்க்கட்டு, முதலுதவிப் பெட்டி. அதற்கு முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி வட்டமாக நிற்பார்கள். சின்னதாக ஒரு பாட்டு, ஒரு வாசகம், வழிப்பயணத்துக்கான மன்றாட்டு. ஃபாதர் வந்திருந்தால் சைக்கிள்கள் மீது தீர்த்தம் தெளிப்பார். உங்களுக்குச் செபம் தெரியாவிட்டால் அமைதியாக நின்றால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். உரக்கச் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிற குழுவை நான் பார்த்ததில்லை.

செபம் முடிந்த கையோடு அன்றைய பொறுப்பாளர் வழியைச் சொல்வார். இதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். முன்னால் போகிறவர் யார், கடைசி ஆள் யார், மெக்கானிக் எந்த இடத்தில், வண்டி எங்கே காத்திருக்கும், யாருடைய போன் நம்பர் என்று எல்லாம் அப்போதுதான் சொல்வார்கள். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது. குழுவின் சட்டம் மொத்தமே இவ்வளவுதான்.

ஐந்து மணி: இருட்டில் கொள்ளிடம் வரை

அந்த மாதங்களில் சூரியன் ஆறு மணியையொட்டித்தான் உதிக்கும். ஆக முதல் ஒரு மணி நேரம் இருட்டு. ஒற்றை வரிசை, முன் சைக்கிளுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளத்துக்குக் குறையாத இடைவெளி. முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான், அவரோடு அவருக்குப் பின்னால் வருகிற நாலு பேரும்.

முன்னால் இருக்கிறவர் "குழி" என்றால் நீங்களும் "குழி" என்று கத்த வேண்டும். அப்படித்தான் சத்தம் கடைசி வரை போகும். "வண்டி" என்றால் பின்னாலிருந்து லாரி வருகிறது, ஓரம். கையை முதுகுக்குப் பின்னால் விரித்துக் காட்டினால் நிற்கப் போகிறோம். முதல் நாள் கூச்சமாக இருக்கும். இரண்டாம் நாள் சாப்பிடும்போதுகூடக் குழி என்று கத்தத் தோன்றும்.

இருட்டில் இரண்டு விஷயங்கள் கவனம். ஒன்று, நடந்து போகிறவர்கள். வெயிலுக்குப் பயந்து அவர்கள் ராத்திரியும் விடியற்காலையும்தான் அதிகம் நடப்பார்கள். பத்து இருபது பேராக, சின்ன சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, களைப்பில் பாதித் தூக்கத்தில் நடப்பார்கள், திடீரென்று சாலைக்குள் விலகுவார்கள். தூரத்திலிருந்தே மெதுவாக மணியடியுங்கள், கிட்டே போய் அடித்துத் திடுக்கிட வைக்காதீர்கள். கடக்கும்போது "மரியே வாழ்க" என்று ஒரு குரல் போகும், அங்கிருந்தும் வரும். இன்னொன்று, நெல். இது டெல்டா. குறுவை அறுவடை தொடங்கிய இடங்களில் சாலையோரத்தில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வரிசை வைத்திருப்பார்கள். நெல் விளக்கு வெளிச்சத்தில் தெரியும், கல் தெரியாது. ஓரமாகப் போகச் சொன்னார்களே என்று ஒரேயடியாக ஓரத்தில் ஒட்டிப் போனால் நேராக அந்தக் கல்லில்தான் போய் முட்டுவீர்கள். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு அடி இடப்பக்கமாகப் போவது சரியான இடம்.

கொள்ளிடம் பாலம் வரும்போது கிழக்கே வெளுத்திருக்கும். காவிரியின் வெள்ளத்தைச் சுமக்கிற ஆறு இது, அகலம் அதிகம், பாலமும் நீளம். படம் எடுக்க எல்லாருக்கும் கை பரபரக்கும். பாலத்தின் மேல் நிற்கக் கூடாது. ஒதுங்க இடமில்லாத இடத்தில் பேருந்துக்காரர் தயவில் நிற்க வேண்டியதாகும். பாலம் தாண்டி நிற்பார்கள், அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

சீர்காழி: காலைச் சாப்பாடு

சிதம்பரத்திலிருந்து சீர்காழி சுமார் 20 கி.மீ. ஏழு மணிக்குள் வந்துவிடலாம். சம்பந்தர் பிறந்த ஊர், கோயிலைப் பார்க்க இன்னொரு நாள் வாருங்கள், இன்று சாப்பாடுதான். குழுவே பொங்கலோ இட்லியோ ஏற்பாடு செய்திருக்கும். நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் வடை, பூரி மாதிரி எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், அடுத்த பத்து கி.மீ. நெஞ்செரிச்சலோடு போகும். பலர் வேளாங்கண்ணி சேரும் வரை அசைவம் தொடமாட்டார்கள். தனியாகக் கடைக்குப் போய் ஆம்லெட் சாப்பிடுவது பாவமொன்றும் இல்லை, ஆனால் விரதக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் இருப்பது மரியாதை.

இங்கே பாட்டிலை நிரப்பும்போது ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு எலுமிச்சைப்பழம் பிழிந்தால் குடிக்க நன்றாக இருக்கும். மருந்துக்கடை பொட்டலமும் சரிதான். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்கு. மணிக்கு அரை லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும்.

சீர்காழியில் வழி பிரியும். வைத்தீஸ்வரன்கோயில், மயிலாடுதுறை போகிற சாலையில் நேராகப் போய்விடாதீர்கள். நமக்கு ஆக்கூர், திருக்கடையூர் வழியாகக் காரைக்கால் போகும் சாலை. பிரிவுகளில் கடைசி ஆள் வந்து சேரும் வரை யாராவது ஒருவர் நின்று கைகாட்டுவார். அந்த வேலையை ஒரு தடவையாவது நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள், குழுவில் பேர் தெரியாதவர்கள்கூட அதற்கப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

செபமாலையும் பெடலும்

இந்தத் துண்டில்தான் பெரும்பாலும் ஓட்டிக்கொண்டே செபமாலை சொல்வார்கள். குட்டியானையின் ஸ்பீக்கரில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, வரிசையில் இருக்கிறவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். பத்துப் பத்து மணியாக ஐந்து தடவை, பதினைந்து இருபது நிமிஷம். ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மாதா வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை நினைப்பார்கள், அதைத்தான் மறையுண்மை என்பார்கள். திங்கள், சனி என்றால் மகிழ்ச்சி மறையுண்மைகள். செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழக்கிழமைக்கான ஒளியின் மறையுண்மைகள் 2002இல் போப் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை. வெளியாளுக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் என்ன நடக்கிறது என்று புரியும்.

செபமாலைக்கு ஒரு லாபமும் உண்டு. ஒரே தாளத்தில் சொல்லும்போது மூச்சும் பெடலும் ஒரே அளவில் வரும். யாரும் வேகத்தைக் கூட்டமாட்டார்கள். மூச்சு வாங்கிச் செபம் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் உங்கள் சக்திக்கு மேல் மிதிக்கிறீர்கள் என்று பொருள். சைக்கிள் பயிற்சியாளர்கள் பேசும் அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும் என்பார்கள், அதே கணக்குத்தான். மணிமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். கழுத்தில் போட்டுக்கொண்டு விரலால் எண்ணினால் போதும், பிரேக்கிலிருந்து கை எடுக்கக் கூடாது.

குழுவில் எல்லாரும் கத்தோலிக்கராக இருப்பதில்லை. எங்களோடு சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை நண்பர் ஒருவர் வருவார். செபமாலை அவர் வழக்கமில்லை. அந்த நேரத்தில் அவர் வரிசையின் பின்பக்கம் போய்க் கடைசி ஆளுக்குத் துணையாக ஓட்டுவார், பாட்டு வரும்போது எல்லாரையும்விட அவர் குரல்தான் ஓங்கி வரும். இப்படித்தான் ஆளாளுக்கு ஒரு இடம் அமைந்துவிடும். மதம் பற்றிய விவாதத்தைச் சைக்கிளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சும் வீண், உறவும் வீண்.

திருக்கடையூரில் அபிராமி கோயில் பக்கம் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடத்த வந்த குடும்பங்களின் வேன்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும் தயாராக இருங்கள்.

தரங்கம்பாடி: விலகிப் போகலாமா?

நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். நேரம் இருந்தால் கட்டாயம் போகலாம் என்பது என் கட்சி. பத்து மணிவாக்கில் வந்திருப்பீர்கள், வெயில் ஏறும் நேரம், ஒரு முக்கால் மணி நேரம் நிழலில் இருப்பது உடம்புக்கு நல்லது.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்பாடு செய்துகொண்டு 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் இது. 1706 ஜூலை 9ஆம் தேதி லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) மிஷனரிகளான பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் இங்கே கரையிறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இங்கேதான் அச்சாகி முடிந்தது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்னும் இருக்கிறது, மறு வருஷம் காலமான அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போகும் கத்தோலிக்கக் கூட்டம் லுத்தரன் ஆலயத்தில் நிற்கலாமா என்று யாரும் யோசிப்பதில்லை. அங்கே வழிகாட்டியாகப் பேசுவது எங்கள் சி.எஸ்.ஐ. நண்பர்தான். அன்று ஒரு தடவை அவர் முறை.

கோட்டைக்கு எதிரே கடல் திறந்தவெளி. வேர்த்த உடம்போடு தண்ணீரில் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள், ஈர உப்போடு திரும்பவும் சீட்டில் உட்கார்ந்தால் தோல் உரியும். இளநீர் குடியுங்கள், ஓட்டில் இருக்கும் வழுக்கையையும் சாப்பிடுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் காயவிடுங்கள்.

நண்பகல்: காரைக்கால்

பூவம் தாண்டினால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. பெட்ரோல் பங்குகளையும் மதுக்கடைகளையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குழுவில் குடிப்பதற்கு அனுமதி இல்லை. "ஒரு பீர்தானே, வெயிலுக்கு" என்று யாராவது காதில் ஓதினால் மண்டையை ஆட்டாதீர்கள். வெயிலில் பீர் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் நின்று மூவேளை செபம். இரண்டு நிமிஷம்தான். பெரும்பாலும் காரைக்காலுக்குள் வந்திருப்போம். அப்புறம் மூன்று மணி வரை ஓய்வு, இதில் கெடுபிடியாக இருங்கள். சாப்பாடு எலுமிச்சை சாதம், தயிர்சாதம், ஊறுகாய். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும், நீர்மோர், பானகம், சில இடங்களில் சாப்பாடே கொடுப்பார்கள். கொடுக்கிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. வாங்கிக் குடியுங்கள், குடித்த டம்ளரைச் சாலையில் போடாமல் அங்கேயே தொட்டியில் போடுங்கள். பந்தலுக்கு முன்னால் சைக்கிளை வழியில் நிறுத்தாதீர்கள், நடந்து வருகிறவர்களுக்குத்தான் அது முதலில்.

ஓய்வு என்றால் படுப்பது. சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பத்து நிமிஷம் படுத்தால் கெண்டைக்கால் இலேசாகும். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஓய்வாகாது.

இந்த நேரத்தில் ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும். தலைவலி, குமட்டல், வெயிலிலும் மயிர்க்கூச்செறிவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இதில் எது தெரிந்தாலும் அவர் இனி அன்று ஓட்டக் கூடாது. நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ உடனே 108. நேர்ச்சை முடியவில்லையே என்று சிலர் அடம்பிடிப்பார்கள். அப்போது ஃபாதர் சொன்னால்தான் கேட்பார்கள், அவரைக் கூப்பிட்டுவிடுங்கள். எங்கள் ஃபாதர் சொல்வது ஒரே வாக்கியம்: "மாதா உன்னைக் கேட்டாங்களா, சைக்கிளைக் கேட்டாங்களா?"

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பறைக்கு பெட்ரோல் பங்குகளைவிடக் கோயில் வளாகங்களும் கன்னியர் மடங்களும் நல்லது. எங்கெங்கே நிற்கும் என்று காலையிலேயே பொறுப்பாளரிடம் கேட்டுவையுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் மயக்கத்துக்குப் பாதிக் காரணம்.

மூன்று மணிக்குப் பிறகு: காற்று

காலையில் காற்று அவ்வளவாகத் தெரியாது. நண்பகலையொட்டிக் கடல்காற்று எழும், தென்கிழக்கிலிருந்து வரும். நாம் போவது தெற்கே. ஆக மத்தியானத்துக்குப் பிறகு இடது முகத்தில் அடித்துக்கொண்டேயிருக்கும். மிதிக்கிறோம், நகரவில்லை என்று தோன்றும். புது ஆட்கள் மனம் விடுவது இந்த 30 கி.மீ.யில்தான்.

வழி எளிது. பலசாலிகள் முன்னால் போய் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவராக மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி ஒட்டிக்கொள்ளுங்கள், காற்று இடது பக்கமிருந்து வருவதால் மறைவு அங்கேதான் கிடைக்கும். எதிர்காற்றில் இதன் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் வரிசையை விட்டுச் சாலை நடுவுக்குப் போகக் கூடாது, ஒரு கை அகலம் போதும். கியர் இருந்தால் ஒன்று குறைத்து வேகமாகச் சுற்றுங்கள். கியர் இல்லாவிட்டால் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், உடம்பே பாய்மரமாகிவிடும். குனிந்து, முழங்கையை மடக்கி, வேகம் குறைந்தால் குறையட்டும் என்று போங்கள்.

சாயங்கால இடிமழையும் அந்த மாதங்களில் வரும். மின்னல் தெரிந்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். மழை பெய்த புதிதில் தார் வழுக்கும், பிரேக் பிடிக்காது, தூரத்திலிருந்தே பிடிக்க ஆரம்பிக்க வேண்டும்.

வாஞ்சூர் தாண்டி மறுபடி தமிழ்நாடு, உடனே நாகூர். தர்கா மினாராக்கள் தூரத்திலேயே தெரியும். நாகூரில் துவா செய்துவிட்டு வேளாங்கண்ணி போவதும், வேளாங்கண்ணியிலிருந்து நாகூருக்கு வருவதும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதில்லை. ஒரு டீ குடிக்க நல்ல இடம். டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சமிருக்கிறது.

நாகப்பட்டினத்துக்குள் போக்குவரத்து நெரியும். விழா நாட்களில் போலீஸ் வழியைத் திருப்பிவிட்டிருப்பார்கள், போன் வரைபடத்தை நம்பாமல் அவர்கள் கைகாட்டும் பக்கம் போங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர் போன மாவட்டம் இது, வேளாங்கண்ணியிலும் யாத்திரை வந்தவர்கள் பலர் இறந்தார்கள். ஊர் தாண்டியதும் எங்கள் குழு சாலையோரம் நின்று ஒரு செபம் சொல்லும். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், குழுவில் யாருக்கு யார் போனார்கள் என்று நமக்குத் தெரியாது.

வேளாங்கண்ணிக்குள்

கடைசி பத்துப் பன்னிரண்டு கி.மீ.யில் முந்தியடிக்க எல்லாருக்கும் கால் துடிக்கும். இங்கேதான் விபத்து அதிகம் நடக்கிறது. சாலை முழுக்க நடக்கிறவர்கள், வேன்கள், கடைகள். ஊருக்குள் நுழையுமுன் முன்னால் போகிறவர் நிற்பார், கடைசி ஆள் வரும் வரை காத்திருப்பார்கள். பிறகு எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டே சேர்ந்து போவார்கள். உங்களால் முடியாமல் நடுவில் வண்டியில் ஏறி வந்திருந்தாலும் இங்கே இறங்கி உங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

சைக்கிள்களை ஒரே இடத்தில் சாய்த்து, சங்கிலி கோத்துப் பூட்டி, காவலுக்கு இரண்டு பேரை முறைவைத்து விடுவார்கள். அறை முன்பதிவு இல்லையென்றால் விழா நாட்களில் கிடைக்காது, திறந்த கொட்டகையில் பாய் விரிக்கும் நினைப்போடு வாருங்கள். பணம், போன் இரண்டையும் உடம்போடு வையுங்கள்.

மாலையில் தேர்பவனி இருக்கும், கூட்டம் நெருக்கும். குழுவோடு சந்திக்க ஒரு இடத்தை முன்னமே பேசிக்கொள்ளுங்கள், போன் சிக்னல் கிடைப்பது சந்தேகம். பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவே மணல் பாதை ஒன்று உண்டு, நேர்ச்சைக்காரர்கள் முழந்தாளில் போவார்கள். காலையிலிருந்து மிதித்த முட்டிக்கு அன்றே இதைச் செய்வது பெரிய தண்டனை. மறுநாள் காலை செய்யலாம், நேர்ச்சைக்குக் குறைவு வராது.

திருப்பலிக்கு (பூசைக்கு) கிறிஸ்தவரல்லாதவரும் போகலாம். மற்றவர்கள் நிற்கும்போது நின்று, உட்காரும்போது உட்கார்ந்தால் சரி. நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்கும் வரிசையில் மட்டும் போகக் கூடாது, அது திருமுழுக்குப் பெற்று முதல் நற்கருணை வாங்கிய கத்தோலிக்கருக்கு உரியது. பிரசாதம் மாதிரி என்று நினைத்துக் கை நீட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் இடத்திலேயே இருங்கள்.

மறுநாள் காலை

சைக்கிள்கள் லாரியிலோ வேனிலோதான் ஊர் திரும்பும், ஆட்கள் ரயிலிலோ பேருந்திலோ. ஏற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடல்காற்றின் உப்பும் மணலும் செயினில் ஏறியிருக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் சிவந்துவிடும். காய்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்துக்கு இணையாக வையுங்கள், பெடலைக் கழற்றினால் நட்டோடு சேர்த்து ஒரு பையில் போட்டுப் பேர் எழுதி சீட்டுக்கடியில் கட்டுங்கள். இரண்டு சைக்கிளுக்கு நடுவே பழைய சாக்கு. விளக்கு, பம்பு, பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது நீங்களும் கூட இருக்க வேண்டும், ஏனென்றால் காவித் துண்டு கட்டிய கருப்பு அட்லஸ் அங்கே ஏழெட்டு இருக்கும்.